நிலையும் இயல்பும்: ரமணர், அவிலா தெரசா, அபிஷிக்தானந்தர் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

தியானத்தில் அமர்ந்திருக்கும்போது மனம் அடங்குவது ஒன்று. எழுந்து போன பிறகும், சந்தையில் பேரம் பேசும்போதும், காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் அந்த அடக்கம் குலையாமல் இருப்பது வேறொன்று. முன்னதை ‘நிலை’ என்றும் பின்னதை ‘இயல்பு’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. நிலை வரும், போகும். இயல்பு வந்தால் தங்கும். ஆன்மிக வரலாறுகளைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அத்துடன், எந்த வழியில் சென்றாலும் முடிவில் உண்டாகும் மாற்றம் ஒன்றுதான் என்ற முடிவுக்கும் எளிதாக வந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது முடிவைத் தமிழகத்தில் நடந்த ஒரு வாழ்க்கையை முன்வைத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஆலந்தலை திருச்செந்தூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கத்தோலிக்கப் பரதவர் ஊர். வடக்கே திருச்செந்தூர்க் கோயிலை ஒட்டி வள்ளி குகை இருக்கிறது. தெற்கே மணப்பாட்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை இருக்கிறது. இரண்டும் ஒரே கடலைப் பார்த்தவை. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன், “ரெண்டு குகையிலயும் உக்காந்து கண்ண மூடுனா ஒரே சாமிதான் தெரியுமா சார்?” என்று கேட்டான். “ஆமாம்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மத நல்லிணக்கத்துக்கு அந்தப் பதில் நல்லதுதான். ஆனால் அவன் கேட்டது நல்லிணக்கத்தைப் பற்றி அல்ல.

ரமணரின் 1896

நிலையான மாற்றத்துக்குத் தமிழகத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ரமண மகரிஷியின் (1879–1950) அனுபவம். 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனைத் திடீரென மரண பயம் பற்றியது. உடலைப் பிணம்போல விறைப்பாக நீட்டிப் படுத்து, ‘செத்துப்போவது எது?’ என்று தனக்குள் ஆராய்ந்தார். உடல் போனாலும் போகாத ‘நான்’ ஒன்று உண்டு என்பது தெளிந்தது. பயம் போயிற்று, திரும்பி வரவில்லை. ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அதன் பின் அவ்வூரை விட்டு அவர் நீங்கவே இல்லை.

இந்த வரலாற்றை மாணவர்கள் பெரும்பாலும் ரமணரே தன்மையில் சொல்வதுபோல அமைந்த ஒரு பத்தியின் வழியாகவே அறிகிறார்கள். அந்தப் பத்தி 1931இல் வெளியான பி. வி. நரசிம்ம சுவாமியின் ஆங்கில வரலாற்று நூலில் வருவது. பல நாள்கள் ரமணரிடம் பேசிக் கேட்டவற்றைத் தொகுத்துத் தாமே அமைத்த வாசகம் அது என்பதை நரசிம்ம சுவாமி மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தக் குறிப்பை விட்டுவிட்டுப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி நடக்கவில்லை என்று இதனால் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சாட்சியாக வைத்துத் தத்துவம் பேசுகிறவர்கள், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் கோத்த வாக்கியங்கள் அவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்நிகழ்ச்சியைவிட அதற்குப் பிந்தைய ஆறு வாரங்களே திறனாய்வுக்கு முக்கியமானவை என்பது என் கருத்து. முன்பு எப்போதாவது மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போன பையன், இப்போது அநேகமாகத் தினமும் மாலையில் தனியே போனான். அறுபத்துமூவர் திருவுருவங்கள் முன் நின்று கண்ணீர் விட்டான். அவர்களைப் போன்ற பக்தி தனக்கும் வேண்டும் என்று வேண்டினான். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பது நமக்குப் பழக்கமான படிவரிசை. கோயில் முதலில் வரும், ஞானம் கடைசியில் வரும். இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. ‘நான்’ எதுவென்று கண்ட பிறகு கோயிலும் கண்ணீரும் வருகின்றன. ரமணரை வெறும் ஆத்மவிசாரக்காரராகக் காட்டும் நூல்கள் இந்தப் பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அருணாசல அட்சரமணமாலையைப் பாடியவரும் இவரே என்பது அவற்றுக்குச் சங்கடம் தருகிறது போலும்.

பிற்கால உரையாடல்களில் ரமணர் கேவல நிர்விகற்ப சமாதி, சகஜ சமாதி என்று இரண்டைப் பிரித்தார். முன்னதில் மனம் ஒளியில் அமிழ்ந்திருக்கிறது, ஆனால் அழியவில்லை. கிணற்று நீருக்குள் கிடக்கும் வாளியைப் போன்றது. கயிறு இன்னும் மேலே இருக்கிறது, இழுத்தால் வாளி வந்துவிடும். பின்னது கடலில் கலந்த ஆற்றைப் போன்றது. எங்கள் கடற்கரையில் வாளிக்குப் பதிலாக முத்துக்குளிப்பவரைச் சொல்லலாம். கல்லைப் பற்றிக் கயிற்றோடு இறங்குவார், மூச்சு முட்டும் முன் மேலே இழுக்கப்படுவார். (தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதனால் இன்றைய மாணவர்களுக்கு இந்த உவமையையும் விளக்க வேண்டியிருக்கிறது.) ஆழம் எவ்வளவு என்பது இங்கே கேள்வியே இல்லை. கயிறு இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. மணிக்கணக்கில் உடல் மறந்து அமர்ந்திருப்பதை ரமணர் பெரிதாகக் கொள்ளவில்லை. அவரே காய்கறி நறுக்கினார், செய்தித்தாள் படித்தார், கட்டட வேலையை மேற்பார்த்தார்.

அதே உவமை, வேறு முடிவு

ஸ்பெயினின் அவிலா நகரப் புனித தெரசா (1515–1582) 1577இல் எழுதிய நூலில் ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாக உருவகிக்கிறார். ஆறாவதையும் ஏழாவதையும் அவர் பிரிக்கும் முறை வியப்பைத் தருவது. ஆறாவதில் இறைவனோடு உண்டாகும் கூடல் இரண்டு மெழுகுவத்திகளைச் சேர்த்துப் பிடிப்பது போன்றது. சுடர் ஒன்றாகும், ஆனால் வத்திகளை மறுபடி பிரித்துவிடலாம். ஏழாவதில் அது வானத்து மழை ஆற்றில் விழுவது போன்றது, அல்லது சிற்றோடை கடலில் சேர்வது போன்றது. இனி எது எந்த நீர் என்று பிரிக்க முடியாது.

ரமணரின் வாளியும் ஆறும், தெரசாவின் மெழுகுவத்தியும் ஓடையும் ஒரே வேறுபாட்டைத்தான் சொல்கின்றன. இருவரும் ஒருவரை ஒருவர் படித்தவர்கள் அல்லர். கடைசிப் படியில் பரவச மயக்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன என்பதிலும், ஆள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார் என்பதிலும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். தெரசா சாகும்வரை மடங்கள் நிறுவிக்கொண்டும், மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டும் இருந்தார்.

எல்லா வழியும் ஒன்று என்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் தெரசா நிறுத்தவில்லை. ஓடை கடலில் கலந்த பிறகும் ‘நான் கடல்’ என்று அவர் சொல்வதில்லை. அன்பு செய்யும் ஆன்மாவும் அன்பு செய்யப்படும் இறைவனும் இருவர்தான். இதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர் சொல்கிறார். ஏழாம் உறைவிடத்தில் இருப்பவரும் விழ மாட்டார் என்று உறுதி இல்லை. இறைவன் கையைப் பிடித்திருக்கும் வரையில்தான் பாதுகாப்பு. ஆகவே அவர் முன்னைவிடக் கூடுதலாக அஞ்சி நடக்கிறார். ரமணரின் சகஜத்தில் விழுவதற்கு ஆள் இல்லை. தெரசாவின் ஏழாம் உறைவிடத்தில் ஆள் இருக்கிறார், அவர் விழவும் கூடும். உவமை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்ள முடியாது.

கடலோரம் இருப்பவருக்கு அந்த உவமையே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. ஆற்றில் நீர் வற்றினால் உப்பு நீர் கழிமுகம் வழியே உள்ளே ஏறும். ‘கலந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை’ என்று கழிமுகத்தில் வாழ்பவர் சொல்வதில்லை.

இந்தக் கடற்கரைக்கு 1542இல் வந்த சவேரியார், பாரிஸில் இஞ்ஞாசியாரிடம் ஆன்மிகப் பயிற்சிகள் செய்தவர். அப்பயிற்சி நூலில் ஒரு நுட்பமான எச்சரிக்கை உண்டு. காரணமின்றி வரும் ஆறுதல் இறைவனிடமிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் அது போன பின் உள்ளம் கதகதப்பாக இருக்கும் அந்தப் பிற்பொழுதில் நாம் செய்யும் தீர்மானங்கள் நம்முடைய சொந்தச் சரக்காக இருக்கக்கூடும், இரண்டையும் கலக்காதே என்பது அது. நிலைக்கும் இயல்புக்கும் இடையில் இப்படி மூன்றாவதாக ஒரு பொழுதையும் பிரித்துப் பார்த்தது இஞ்ஞாசியாரின் சாதனை. பத்து நாள் தியான முகாமிலிருந்து திரும்பி, வேலையை விடப் போகிறேன், திருமணம் வேண்டாம் என்று அறிவிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விதி எனக்கு நினைவுக்கு வரும். சவேரியாருக்குப் பின் இக்கரையில் பல ஆண்டுகள் உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ (1578) நூலுக்குப் பின் 1580இல் அச்சிட்டது பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல். மனம் மாறியதா என்பதை இங்கே அளந்த கோல், என்ன கண்டாய் என்பது அல்ல, என்ன செய்தாய் என்பதே.

சைவ சித்தாந்தம் மூன்றாவது கோல் ஒன்றைத் தருகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. வீடு பெற்ற செய்தி பதினொன்றோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாவது, சீவன்முத்தன் உடலோடு இருக்கும்வரை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது: மலவாசனை மீண்டும் பற்றாமல் கழுவிக்கொள்ள வேண்டும், அடியார்களோடு கூட வேண்டும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமாகவே வழிபட வேண்டும். ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் ஒடுங்குகிறது என்பது இதன் அடிப்படை. விளக்கேற்றினால் இருள் மறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஆக இங்கே நிலைத்த மாற்றம் என்பது பராமரிக்கப்பட வேண்டிய மாற்றம். மதுரையில் அறுபத்துமூவர் முன் அழுத பையனுக்கு இந்தச் சூத்திரம் பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தவில்லை. ரமணரை அத்வைதக் கோலால் மட்டுமே அளப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

இரண்டு கோல்களைக் கையில் வைத்திருந்தவர்

மேலே சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கோலால் அளந்தவர்கள். இரண்டு கோல்களால் ஒரே சமயத்தில் தன்னை அளந்துகொண்டவர் அபிஷிக்தானந்தர் (1910–1973). இயற்பெயர் ஆன்றி லெ சோ. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்து, பெனடிக்ட் சபைத் துறவியானவர். 1948இல் தமிழகம் வந்தார். 1950 மார்ச்சில் ஜூல் மோன்ஷனேன் என்ற பிரெஞ்சு அருள்பணியாளருடன் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். காவி உடுத்து, தமிழ் கற்று, தரையில் படுத்து வாழ்ந்தார்.

1949 ஜனவரியில் அவர் ரமணரை முதன்முறை பார்த்தார். அவருடைய மறைவுக்குப் பின் வெளிவந்த அருணாசல நினைவு நூலில் அந்தச் சந்திப்பைப் பற்றி நேர்மையாக எழுதியிருக்கிறார். எதையோ எதிர்பார்த்துப் போனார், ஒன்றும் நடக்கவில்லை. எதிரே இருந்தவர் அன்பான ஒரு தாத்தாவாகவே தெரிந்தார். பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலில், தடுக்கும் புத்தி தளர்ந்திருந்தபோதுதான், வேத பாராயண ஒலியும் அந்த முகமும் உள்ளே இறங்கின. 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்துவிட்டார். அதற்குப் பின்னும் இவர் 1950களில் பலமுறை அருணாசல மலைக்குகைகளுக்குப் போய் மௌனமாகத் தங்கினார். 1955இல் திருக்கோவிலூர் அருகே தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்து, அவரைக் குருவாகவே ஏற்றார்.

அக்காலத்து நாட்குறிப்புகளைப் படிப்பது எளிதல்ல. குகையில் தாம் அறிந்தது உண்மை என்பதில் அவருக்கு ஐயமில்லை. அது உண்மையானால், தினமும் தாம் நிறைவேற்றும் திருப்பலியில் ‘நீர்’ என்று யாரை அழைக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. அத்வைதத்துக்குள் போனால் கிறிஸ்துவை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறார். போகாமல் இருந்தால் கண்ட உண்மைக்குத் துரோகம் செய்தவனாவேனோ என்றும் அஞ்சுகிறார். இந்த இழுபறி ஓரிரு மாதங்களில் தீரவில்லை, சுமார் இருபது ஆண்டுகள் நீடித்தது. நிலைத்த மாற்றம் என்றால் நிலைத்த அமைதி என்று எண்ணுபவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். அவருக்குள் மாற்றம் தங்கியது. தங்கியதாலேயே அமைதி குலைந்தது.

ஆசிரமத்தில் உடனிருந்த மோன்ஷனேன் வேறு முடிவுக்கு வந்தார். அத்வைதத்துக்கு அப்பால் சென்று அங்கே மூவொரு கடவுளைக் கண்டெடுக்க முடியும் என்பது தமக்கு வரவர ஐயமாகவே இருக்கிறது என்று தம் இறுதி ஆண்டுகளில் எழுதினார். 1957இல் மறைந்தார். இவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. ஒரே கூரையின் கீழ், ஒரே காவிரிக்கரையில், ஒரே வேண்டுதல் நேரங்களில் அமர்ந்த இருவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள் என்பதே, வழிகள் எல்லாம் தாமாகவே ஓரிடத்தில் சேர்ந்துவிடும் என்ற கூற்றுக்கு வலுவான மறுப்பு.

அபிஷிக்தானந்தர் 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1968இல் சாந்திவனத்தைப் பீட் கிரிஃபித்ஸ் அடிகளாரிடம் விட்டுவிட்டு, உத்தரகாசியில் கங்கைக்கரைக் குடிலுக்குப் போய்விட்டார். தொடக்க நூல்களில் இந்து ஞானம் கிறிஸ்துவில் நிறைவு பெறுகிறது என்ற பாதையைப் பின்பற்றியவர், கடைசி ஆண்டுகளில் அந்த ‘நிறைவு’ வாதத்தையே சந்தேகித்தார். 1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடும்போது மாரடைப்பு வந்து தெருவில் விழுந்தார். கிடந்தபடியே, வாழ்வும் சாவும் அல்லாத ஒரு விழிப்பு நிகழ்ந்ததாக நண்பர்களுக்கு எழுதினார். ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.

இந்தத் தெருவோர விழிப்பை வாழ்வின் உச்சக் காட்சியாக்கி முடிப்பது அவரைப் பற்றி எழுதுபவர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1896இல் மதுரை மாடி, 1973இல் ரிஷிகேசத் தெரு என்று இரண்டு மின்னல்களை அடுத்தடுத்து வைத்தால் கதை நன்றாக அமையும். ஆனால் அவர் எழுதிச் சேர்த்த ஆயிரக்கணக்கான நாள்கள் இதில் காணாமல் போகின்றன. இஞ்ஞாசியாரின் விதியை இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம். விழிப்பு ஒன்று, அதன் பின் கடிதங்களில் அவர் கொடுக்கும் விளக்கம் மற்றொன்று. விளக்கத்தில் உபநிடதச் சொற்களும் வருகின்றன, கிறிஸ்தவப் புராணக் கதையின் திருக்கிண்ணமும் வருகிறது. இரண்டு மொழிகளையும் அவர் கடைசிவரை கைவிடவில்லை, ஒன்றை இன்னொன்றாக மொழிபெயர்த்தும் முடிக்கவில்லை.

ஆய்வகக் கருவிகள் சொல்வது

மூளை ஆய்வுகளைச் சான்றாகக் காட்டி இக்கேள்வி முடிந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு, நெடுங்காலம் பயின்ற எட்டுத் திபெத்திய பௌத்தத் தியானிகளைச் சோதித்தது. தியானம் தொடங்குவதற்கு முன்பே அவர்களுடைய மூளை அலைகள் புதியவர்களிடமிருந்து வேறுபட்டிருந்தன. இயல்பு மாறியிருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு குறி. ஆனால் அவர்கள் பயின்றது பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல். எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பே மாறும் என்று பரவலாகப் பேசப்பட்டதை, அதே பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட பெரிய ஆய்வு உறுதிசெய்யவில்லை.

2017இல் வெளியான வில்லபி பிரிட்டன் குழுவின் ஆய்வு இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. மேலைநாட்டுப் பௌத்தத் தியானிகள் சுமார் அறுபது பேரிடம் அவர்கள் சந்தித்த சிக்கல்களைக் கேட்டறிந்தார்கள். ‘நான்’ என்ற உணர்வு மங்கிப்போனதைச் சிலர் விடுதலையாகச் சொன்னார்கள், சிலர் அச்சமாகவும் நோயாகவும் சொன்னார்கள். கருவி பதிவுசெய்யும் மாற்றம் ஒன்றாகவே இருந்தாலும், அதற்குப் பெயர் வைப்பது வழியும், குருவும், கூட இருப்பவர்களும்தான்.

வாசிப்புக்கான குறிப்பு

அபிஷிக்தானந்தரை இரண்டு தரப்பினரும் தம் பக்கம் இழுக்கிறார்கள். இவர் கிறிஸ்தவத்தைக் கடந்து அத்வைதியானார் என்பது ஒரு தரப்பு. இல்லை, கடைசிவரை திருச்சபையின் அருள்பணியாளராகவே இருந்தார் என்பது மறு தரப்பு. இரண்டுக்கும் அவர் எழுத்தில் சான்று கிடைக்கும், அவரவருக்கு வேண்டிய ஆண்டை எடுத்துக்கொண்டால் போதும். 1953இன் குறிப்பையும் 1973இன் கடிதத்தையும் ஒரே குரலாக அடுக்குவது இவ்விரு தரப்பினரும் செய்யும் பொதுத் தவறு. மாணவர்கள் மேற்கோள் எடுக்கும்போது ஆண்டைக் குறித்துக்கொள்வது நல்லது.

மற்றொன்று, அந்த நாட்குறிப்பு நமக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. ராய்மோன் பணிக்கர் தெரிந்தெடுத்த பகுதிகளே 1986இல் பிரெஞ்சிலும் 1998இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. பணிக்கர் அவருடைய நெருங்கிய நண்பர். கத்தோலிக்கத் தாய்க்கும் இந்துத் தந்தைக்கும் பிறந்து, இரு வழிகளையும் தம்முடையவை என்று சொல்லிக்கொண்டவர். எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதும் ஒரு வாசிப்புதான். நரசிம்ம சுவாமி கோத்த அந்தத் தன்மைப் பத்தியைப் படிப்பதுபோலவே, இதையும் தொகுத்தவரின் கை பட்ட நூலாகவே படிக்க வேண்டியிருக்கிறது.